கோணலைத் தேடிப் போக வேண்டாம்

(மட்கலையைப் பொழுதுபோக்காகப் பயில்வோர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மண் வேலை கற்க வருகிறவர்களிடம் "என்ன செய்ய ஆசை?" என்று கேட்டால், பலரும் கைப்பேசியைத் திறந்து ஒரே மாதிரிப் படத்தைத்தான் காட்டுகிறார்கள். ஜப்பானியத் தேநீர்க் கிண்ணம். கறுப்பு நிறம், ஏறி இறங்கும் விளிம்பு, ஒரு பக்கம் லேசாக ஒடுங்கிய வயிறு, அடியில் கிளேஸ் படாமல் தெரியும் வெறும் மண். "இதே மாதிரி கோணலாக ஒன்று செய்துவிட வேண்டும்" என்கிறார்கள். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். எவர்சில்வர் டம்ளரிலேயே வளர்ந்த கைக்கு அப்படி ஒரு கிண்ணம் பிடித்துப்போவதில் வியப்பில்லை. ஆனால் கோணலைக் குறியாக வைத்துக்கொண்டு சக்கரத்தின் முன் உட்காரக் கூடாது என்பதே நான் இன்று சொல்ல வந்தது. நேராக வனைய முழு மனத்தோடு உழைக்கும் கை, தன் குணத்தை விடாத மண், சொன்னபடி கேளாத நெருப்பு, இந்த மூன்றும் கூடும்போது அந்தக் கோணல் தானாக வந்து சேர்கிறது. நாம் முந்திக்கொண்டு அதைச் செய்தால் கிண்ணம் நடிக்கத் தொடங்கிவிடும்.

இது என் சொந்தச் சரக்கு அல்ல. ஜப்பானுக்குள்ளேயே இந்த விஷயத்தில் பெரிய வழக்கு நடந்திருக்கிறது.

முதலில் நீங்கள் காட்டும் அந்தக் கறுப்புக் கிண்ணத்தின் ஊருக்குப் போவோம். கியோட்டோ, 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. தேநீர்ச் சடங்கின் பேராசான் சென் நோ ரிக்யூ (1522–1591) தமக்கு வேண்டிய கிண்ணத்தைச் செய்யச் சொன்னது சோஜிரோ என்ற கைவினைஞரிடம். 1574 என்று ஆண்டு பொறித்த ஒரு சிங்க உருவம் அவர் கைவேலையாக இன்றும் இருக்கிறது. அதுவரை தேநீருக்குப் பெருமை சேர்த்தவை சீனாவிலிருந்து வந்த பளபளப்பான கிண்ணங்கள். ரிக்யூ கேட்டதோ இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும், கையைச் சுடாத, கண்ணைப் பறிக்காத ஒரு பாத்திரம். சோஜிரோ சக்கரத்தைத் தொடவில்லை. மண்ணைத் தட்டி, ஓரத்தை விரலால் மேலே எழுப்பி, சற்று இறுகியதும் கத்தியால் உள்ளும் புறமும் செதுக்கினார். கறுப்புக் கிளேஸுக்குக் கியோட்டோவின் காமோ ஆற்றுக் கல்லை அரைத்துச் சேர்ப்பது அவர் குடும்பத்தின் வழக்கம். ஒரு கிண்ணம் மட்டும் கொள்ளும் சின்னச் சூளை. துருத்தி ஊத ஊதக் கரி கனலும். கிளேஸ் உருகிப் பளபளக்கும் தறுவாயில் நீண்ட இடுக்கியால் கிண்ணத்தை வெளியே எடுத்துவிடுவார்கள். அந்தத் திடீர்க் குளிர்ச்சிதான் கறுப்பு நிறத்தைத் தருகிறது. கூர்ந்து பார்த்தால் பக்கவாட்டில் இடுக்கி பிடித்த தடம்கூடத் தெரியும். இந்த வகைக் கிண்ணத்துக்கு ராக்கு என்று பெயர். அந்தக் குடும்பம் இன்றும் அதே ஊரில் அதே வேலையைச் செய்கிறது. 2019-இல் பொறுப்பேற்றவர் 16-ஆம் தலைமுறை.

நம் ஊர்ப் பட்டறைகளில் ராக்கு என்று செய்து காட்டுவது பெரும்பாலும் வேறு. செக்கச்சிவந்த பாத்திரத்தை மரத்தூளிலோ சருகிலோ புதைத்து, மூடிவைத்து, புகையேற்றி, வெடிப்புக் கோடுகளையும் உலோக மினுக்கையும் வரவழைப்பது 1960-இல் அமெரிக்கர் பால் சோல்ட்னர் தொடங்கிவைத்த வழி. பார்க்க மிக அழகான வேலை. ஆனால் அந்தப் பாத்திரம் நீரை உறிஞ்சும், கசியும். அதில் காப்பி குடிக்க வேண்டாம். புகையும் கெட்டது. திறந்த வெளியில், முகக்கவசத்தோடு மட்டும் செய்யுங்கள்.

இப்போது வழக்குக்கு வருகிறேன்.

கியோட்டோவின் தைத்தோகுஜி கோயில் வளாகத்தில் கோஹோ-ஆன் என்றொரு சிறு மடம் இருக்கிறது. அங்கே பெட்டிக்குள் பெட்டியாக வைத்துக் காக்கப்படும் கிண்ணம் ஒன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. கிசாயெமோன் இடோ என்பது அதன் பெயர். கிசாயெமோன் அதை வைத்திருந்த ஒசாகா வணிகர்; இடோ அந்தக் கிண்ண வகையின் பெயர். சொத்தெல்லாம் போய் வறுமையில் வாடியபோதும் அந்தக் கிண்ணத்தை மட்டும் அவர் விற்கவில்லை என்று கதை சொல்வார்கள். அது ஜப்பானில் செய்யப்பட்டதே அல்ல. 16-ஆம் நூற்றாண்டுக் கொரியாவில், பெயர் தெரியாத ஒரு குயவர் வனைந்தது. 1931-இல் கைவினை அழகைப் பற்றி எழுதிய சிந்தனையாளர் யானகி சோயெத்சு (1889–1961) அதைப் பார்க்க அனுமதி பெற்றுப் போனார். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து வெளியே எடுத்தபோது அவர் கண்டது மிகச் சாதாரணமான ஒரு கிண்ணம். அந்தச் சாதாரணத்தில்தான் அவர் நெஞ்சைப் பறிகொடுத்தார்.

யானகியின் வாதம் இது. அந்தக் கொரியக் குயவர் அழகைப் பற்றி நினைத்தே இருக்கமாட்டார். வேகமாக வனைந்தார், எண்ணிக்கை முடிய வேண்டும், விலை மலிவாக இருக்க வேண்டும். சக்கரத்தில் விரல் ஓடிய வரி அப்படியே நின்றது. அடியில் கிளேஸ் சுருண்டு முத்து முத்தாகத் திரண்டது. அதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ராக்குக் கிண்ணத்திலோ, எளிமையாகத் தோன்ற வேண்டும் என்ற எண்ணம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. கத்தி எங்கே பட வேண்டும், விளிம்பு எங்கே தாழ வேண்டும் என்று தீர்மானித்துச் செய்தது எப்படி இயல்பாகும்? அவர் ராக்குவை விட இடோவை உயரத்தில் வைத்தார்.

யானகி சொன்னதில் பாதியை நான் ஏற்கிறேன். சோஜிரோவின் கிண்ணங்களைப் பொறுத்தவரை அந்தக் குற்றச்சாட்டு செல்லாது என்று நினைக்கிறேன். அவை அநேகமாக நேரானவை. ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. கைக்கு எங்கே இடம் வேண்டுமோ அங்கே மட்டும் மண் குறைந்திருக்கும். பிற்காலத்தில் வந்தவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து, நெளிவைக் கூட்டிக் கூட்டி வைத்ததற்குச் சோஜிரோ பொறுப்பல்ல. உங்கள் கைப்பேசியில் இருக்கும் படங்களில் பெரும்பாலானவை அந்தப் பிந்தைய வகை.

இடோ கிண்ணத்தைப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது. 1592-இலும் 1597-இலும் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் படைகள் கொரியாவின்மீது பாய்ந்தன. திரும்பும்போது ஜப்பானியப் பிரபுக்கள் கொரியக் குயவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஹாகி, சத்சுமா, அரிதா என்று நாம் இன்று வியந்து சொல்லும் சூளைகளின் வேர் அந்தச் சிறைப்பட்ட குடும்பங்களில் இருக்கிறது. அரிதாவில் பீங்கானுக்கு உரிய வெள்ளை மண்ணைக் கண்டெடுத்தவராகப் போற்றப்படும் இ சாம்-பியோங் ஒரு கொரியர். அந்த ஊர் அவருக்கு நினைவுத்தூண் எழுப்பியிருக்கிறது. ஜப்பானிய மட்கலையின் அழகைப் பழகும் நாம் அந்தக் கண்ணீரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பெயரில்லாத குயவர் என்று நாம் போற்றும்போது, அவருடைய பெயரை யார் அழித்தார்கள் என்ற கேள்வியும் கூடவே எழ வேண்டும்.

சரி, அப்படியானால் நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வது? நாம் அந்தக் கொரியக் குயவராக முடியாது. நாம் படம் பார்த்துவிட்டோம், புத்தகம் படித்துவிட்டோம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண் தொடுகிறோம். அறிந்ததை மறப்பதாக நடிப்பது இன்னொரு பொய். இந்த இடத்தில் எனக்கு வழிகாட்டி ஹமாதா ஷோஜி.

ஹமாதா டோக்கியோவின் தொழில்நுட்பப் பள்ளியில் கிளேஸ் வேதியியல் படித்தவர். 1920-இல் பிரிட்டிஷ் மட்கலைஞர் பெர்னார்ட் லீச்சோடு இங்கிலாந்துக்குப் போய், செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் சூளை கட்டியவர். எல்லாம் தெரிந்த மனிதர். திரும்பி வந்ததும் அவர் தேர்ந்தெடுத்தது மாஷிகோவை. டோக்கியோவின் அடுக்களைகளுக்குத் தண்ணீர்ச் சாடியும் ஊறுகாய்ச் சாடியும் செய்து அனுப்பிய கிராமம் அது. மண் முரடு. அந்த முரட்டு மண்ணை மாற்ற அவர் முயலவில்லை. அதற்கேற்பத் தம் வடிவங்களை அமைத்துக்கொண்டார். கோலால் சுழற்றும் கைச்சக்கரத்தில் வனைந்தார். நம் வேளார்கள் சுழற்றுவதும் கோலால்தான் என்பதால் எனக்கு அந்தப் புகைப்படங்களில் தனிப் பிரியம். ஒகினாவாவில் பார்த்த கரும்புத் தோகையை நாலைந்து தூரிகை வீச்சில் சாடியின் வயிற்றில் இட்டார். வாழ்நாள் முழுக்க அதே கரும்பு. அது தேய்ந்து போகவில்லை; கையில் ஊறியது. பெரிய தட்டில் அகப்பையால் கிளேஸை வீசி ஊற்ற அவருக்குச் சில நொடிகளே ஆகும். இவ்வளவு சுலபமாகவா என்று கேட்டவருக்கு, அந்தச் சில நொடிகளுக்குப் பின்னால் அறுபது ஆண்டுகள் இருக்கின்றன என்ற பொருளில் பதில் சொன்னார். மாஷிகோவில் செய்த பாத்திரங்களில் அவர் தம் பெயரை இடுவதை விட்டுவிட்டார். 1955-இல் அரசு அவரை வாழும் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது.

அவரிடமிருந்து நமக்குக் கிடைப்பவை இரண்டு. ஒன்று பயன்பாடு. மற்றொன்று திரும்பத் திரும்பச் செய்தல். நீங்கள் காலையில் குடிக்கும் காப்பிக்கு ஒரு கிண்ணம் என்று முடிவு செய்யுங்கள். அதே கிண்ணத்தை, அதே அளவு மண்ணில், அதே உயரத்துக்கு, மாதக்கணக்கில் செய்யுங்கள். ஒன்றைப் போல ஒன்று வர வேண்டும் என்று உழையுங்கள். வராது. வராத அந்த மிச்சத்தில் உங்கள் கை தெரியும்.

இந்தக் கலை நம் கடற்கரைக்கு வந்த வழியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1919-இல் ஜப்பானுக்குப் போய் மட்கலை படித்த சர்தார் குருசரண் சிங் அங்கே யானகி, லீச், ஹமாதா ஆகியோரோடு பழகினார். திரும்பி வந்து டெல்லியில் இந்திய ஸ்டூடியோ மட்கலைக்கு அடித்தளம் இட்டார். தெற்கே, ரே மீக்கரும், ஜப்பானில் பயின்ற டெபரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். இன்று புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் பட்டறை வைத்திருக்கும் பலர் அங்கே பயின்றவர்கள், அல்லது அவர்களிடம் பயின்றவர்கள். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பழுப்புநிற ஸ்டோன்வேர் கோப்பைக்கு இப்படியொரு வம்சாவளி உண்டு.

இனி கைவேலை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பிசைவதில் தொடங்குங்கள். ஜப்பானியர் மண்ணைச் சுழற்றிச் சுழற்றி அழுத்தும்போது அதன் முகம் சாமந்திப்பூ போல இதழ் இதழாக மடிகிறது. பெயரும் சாமந்திப் பிசைவுதான். உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவதும், மண் முழுவதும் ஒரே பதமாக்குவதும் நோக்கம். வலது கை அழுத்த, இடது கை திருப்பித் தர, முதல் வாரம் தோள் வலிக்கும். பிறகு ஒருநாள் மண் தானே உருள்வதுபோல் இருக்கும். பிசைந்த உருண்டையைக் கம்பியால் இரண்டாக அறுத்துப் பாருங்கள். வெட்டு முகத்தில் ஊசித்துளைகூட இல்லாமல் இருந்தால் சக்கரத்துக்குப் போகலாம்.

காய வைப்பதில் நம் ஊரின் பருவம் கைகொடுக்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். மே மாத வெயிலில் விளிம்பு காய்ந்து அடி ஈரமாக நிற்கும். விரிசல் அடியிலிருந்து கிளம்பும். ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் காயாது. இரண்டுக்கும் ஒரே மருந்து, பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடிவைத்து மெதுவாக விடுவது. அரைப்பதம் காய்ந்ததும் கவிழ்த்து, அடிவளையத்தைச் செதுக்க வேண்டும். தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வாங்குகிற ஜப்பானியர் குடித்து முடித்ததும் திருப்பிப் பார்ப்பது இந்த அடியைத்தான். மண்ணின் நிறம், கத்தி எவ்வளவு தயக்கமில்லாமல் போயிருக்கிறது, கிளேஸ் எங்கே நின்றது, எல்லாம் அங்கே மறைக்க முடியாமல் தெரியும். நீங்களும் விலைக்கு வாங்கும் எந்தக் கோப்பையையும் முதலில் கவிழ்த்துப் பாருங்கள்.

சூளை விஷயத்தில் பொழுதுபோக்காளர்கள் தங்களிடம் இருப்பதை ஒப்புக்கொண்டு வேலை செய்வது நல்லது. நம்மில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது மின்சூளை. அதில் காற்று தாராளம். செலடான் என்ற பசுநீலம் வராது. கிளேஸில் உள்ள ஓரிரு விழுக்காடு இரும்பிலிருந்து ஆக்சிஜனை நெருப்பு பிடுங்கினால்தான் அந்தப் பச்சை. மின்சூளையில் அதே கிளேஸ் வைக்கோல் மஞ்சளாகும். ஆனால் இரும்பை எட்டுப் பத்து விழுக்காட்டுக்கு ஏற்றினால் தென்மொகு என்ற கருப்பழுப்பு மின்சூளையிலும் அருமையாக வரும். விளிம்பில் மட்டும் துருச்சிவப்பாக உடையும். சாம்பல் கிளேஸும் வரும். லீச்சின் பழைய கணக்கு எளிது: சாம்பல் 40, பெல்ட்ஸ்பார் 40, களிமண் 20. சவுக்குக் கட்டைச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அது கிளேஸை உருக்கும். உமிச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. அதைச் சேர்த்தால் கஞ்சித்தண்ணீர் போல வெண்மை படரும். ஜப்பானிலும் நெல் வைக்கோல் சாம்பலில் இதைத்தான் செய்கிறார்கள். சாம்பலைச் சலித்து நீரில் கரைக்கும்போது கையுறை அவசியம். அந்த நீர் தோலை அரிக்கும்.

ஒகயாமாவை அடுத்த பிசென் ஊரின் வேலையில் இருந்து ஒன்றை நீங்கள் மின்சூளையிலேயே செய்து பார்க்கலாம். பிசென் மண்ணை நெல்வயலுக்கு அடியிலிருந்து தோண்டுகிறார்கள். இரும்பு நிறைந்த ஒட்டுமண். கிளேஸ் பூசினால் ஏற்காது. செம்பைன் மரக்கட்டையில் பத்து நாள், இரண்டு வாரம் என்று விடாமல் எரித்துச் சுடுவார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பாத்திரங்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இடையில் வைக்கோல் சுற்றினார்கள். சூளை திறந்தபோது, வைக்கோல் பட்ட இடமெல்லாம் செந்நிறக் கோடு. வைக்கோலில் உள்ள பொட்டாசியம் மண்ணின் இரும்போடு சேர்ந்து எழுதிய கோடு அது. இதற்கு ஹிதாசுகி என்று பெயர்.

இதற்கு நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, முதல் சூடு முடிந்த, கிளேஸ் பூசாத ஒரு குவளை. நாலைந்து இழை வைக்கோலை உப்புத்தண்ணீரில் ஊறவைத்து நன்றாகத் தட்டி மென்மையாக்குங்கள். குவளையைச் சுற்றி, இறுக்காமல், தன் போக்கில் விழும்படி கட்டுங்கள். அதை மூடியுள்ள ஒரு மண்பெட்டிக்குள் வைத்து, புகை வெளியேற வழி உள்ள சூளையில் 1200 டிகிரிக்கு மேல் சுடுங்கள். இரும்பு ஏறிய மண்ணாக இருந்தால் நல்லது. வைக்கோல் சாம்பலாகி உதிர்ந்த பிறகு, இழை ஒன்றோடொன்று குறுக்கிட்ட இடத்தில் நிறம் அடர்ந்து, தொடாத இடத்தில் மண் வெளிறி, ஓரிடத்தில் கோடு சட்டென்று நின்றுபோயிருக்கும். இதைத் தூரிகையால் வரைந்தால் ஒரு காசு பெறாது. கட்டியது நீங்கள், எழுதியது நெருப்பு. நான் சொல்ல வந்த வாதம் முழுவதும் அந்தக் குவளையின்மேல் இருக்கிறது.

உடைந்ததை ஒட்டும் கின்சுகியைப் பற்றியும் கேட்கிறீர்கள். அழகிய பண்புள்ள வேலை. ஆனால் ஒட்டுவதற்காக நல்ல கோப்பையைச் சுத்தியலால் உடைக்கும் பயிற்சி வகுப்புகளை என்னால் ஏற்க முடியவில்லை. கோணலைச் செய்வதைப் போன்ற அதே நடிப்பு அது. உண்மையான கின்சுகியில் ஒட்டுவது உருஷி என்ற மரப்பால். அது காய ஈரக்காற்று வேண்டும். ஒரு பாத்திரத்துக்கு வாரங்கள் பிடிக்கும். அந்த விதத்தில் சென்னையின் புழுக்கம் அதற்கு வாய்ப்பான சூழல். ஆனால் பச்சை உருஷி தோலில் பட்டால் கடுமையாகத் தடிக்கும். எப்பாக்சியும் பித்தளைத் தூளும் கலந்த மலிவுப் பெட்டிகளால் ஒட்டியதை அலமாரியில் வையுங்கள், அதில் உண்ண வேண்டாம்.

உடல்நலம் பற்றி ஒன்றே ஒன்று, ஆனால் மிக முக்கியமானது. காய்ந்த மண்தூளில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.

சுட்டு எடுத்த பாத்திரத்தைப் பழக்குவதும் செய்முறையின் பகுதிதான். ஜப்பானில் புது மண்சட்டியில் முதலில் கஞ்சி காய்ச்சுவார்கள். மாவுச்சத்து நுண்துளைகளை அடைக்கும். நம் பாட்டிமார் புதுச்சட்டியில் வடிகஞ்சி ஊற்றி வைத்ததும் இதற்காகத்தான். ஹாகி ஊர்க் கிண்ணங்களில் கிளேஸின் மயிரிழை வெடிப்புகள் வழியே தேநீர் இறங்கி, ஆண்டுகள் போகப் போக நிறம் மாறிக்கொண்டே வரும். அந்த மாற்றத்துக்காகவே அவற்றை வாங்குகிறவர்கள் உண்டு. உங்கள் கோப்பையையும் கண்ணாடி அலமாரியில் பூட்டாமல் தினமும் புழங்குங்கள்.

பக்கத்து அறையில் பிசைந்த மண் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஓர் உருண்டை. சக்கரம் வேண்டாம், சோஜிரோவைப் போலக் கையாலேயே எழுப்புங்கள். காய்ந்து சுட்ட பிறகு நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் சுருங்கும், அதனால் வேண்டியதைவிடச் சற்றுப் பெரிதாக. உதடு படும் விளிம்பை ஈரத்தோலால் வழித்து உருட்டிவிடுங்கள். அடியில் உங்கள் அடையாளம் ஒன்றைக் கீறி வையுங்கள், இல்லாவிட்டால் சூளையிலிருந்து எடுக்கும்போது எது யாருடையது என்று தெரியாது.